வீட்டு ஆளுங்களுக்கு நன்றியை எப்படிச் சொல்றது?

மகாமகக்கரை (கும்பகோணம்) | பிப்ரவரி 2, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 68. அரசு பஸ்ஸுல 31 வருஷம் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவன். ரொம்ப நாளா இங்க எல்லாரும் எழுதுறதைப் படிச்சிட்டுப் போயிடுவேன். இன்னிக்கு மனசுல இருக்கிறதைக் கேட்டுடணும்னு உட்கார்ந்துட்டேன்.

14 மாசத்துக்கு முன்னாடி சுவாமிமலையில படி ஏறும்போது நெஞ்சை அடைச்சுது. அறுபது படி, அறுபது தமிழ் வருஷத்தோட பேரு அதுக்கு. சின்ன வயசுல ஒரே மூச்சுல ஓடுவேன். அன்னிக்குப் பாதியில உட்கார்ந்தவன்தான். இடது கை கனத்துப்போச்சு, சட்டையெல்லாம் வேர்வை. என் சம்சாரம் தேங்காய் பழத் தட்டை அப்படியே படியில வச்சிட்டு, புடவைத் தலைப்பால விசிறிக்கிட்டே ஆட்டோவுக்குக் குரல் கொடுத்தா. ஆஞ்சியோ பண்ணினதுல மூணு இடத்துல அடைப்பு. பைபாஸ் ஆச்சு. 11 நாள் ஆஸ்பத்திரி வாசம்.

இப்போ நல்லா இருக்கேன். 81 கிலோ இருந்தவன் 70க்கு வந்திருக்கேன். மூணு மாசச் சர்க்கரை 9.4ல இருந்து 6.8. எக்கோ எடுத்துப் பார்த்துட்டு டாக்டர், இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்னுட்டார்.

விஷயம் என்னன்னா, இந்த உடம்பு தேறினது என் சாமர்த்தியம் இல்ல. வீட்டுக்கு வந்த முதல் மாசம் நெஞ்சுல தண்ணி படாம மகள்தான் துடைச்சு விட்டா. திருப்பூர்ல வேலையை விட்டுட்டு வந்து இருந்தா. மகனோட கூட்டாளிங்க ஆறு பேர் ரத்தம் கொடுத்திருக்காங்க. அவங்க முகம்கூட எனக்குத் தெரியாது. என்கூட பஸ்ஸுல ஓடின டிரைவர் தினமும் விடியக்காலையில வந்து என்னை நடக்க வச்சார், அவரைப் பத்தி தனியா எழுதுறேன். என் சம்சாரம் செஞ்சதை எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறதுன்னே தெரியல.

ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பின அன்னிக்கு அவகிட்ட, "உனக்கு ரொம்ப நன்றிம்மா"ன்னு சொன்னேன். அவ முகமே மாறிடுச்சு. "என்னங்க பேச்சு இது? மூணாம் மனுஷிகிட்ட பேசுற மாதிரி"ன்னு கேட்டுட்டு அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட பேசல. டாக்டருக்குச் சொல்லிட்டேன், நர்ஸம்மாக்களுக்குச் சொல்லிட்டேன், சாமிக்கு அர்ச்சனை பண்ணிட்டேன். அதிகம் செஞ்சவங்களுக்குத்தான் இன்னும் சொல்லல. நீங்கள்லாம் எப்படிச் சொல்றீங்க?

---

கல்தூண் (திண்டுக்கல்) | பிப்ரவரி 2, காலை 9.15

ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வயது 71. இரண்டு முழங்கால்களும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவள். உங்கள் மனைவி கோபித்துக்கொண்டது எனக்கு நன்றாகவே புரிகிறது.

நாம் இன்று "நன்றி" என்று வாயால் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பழைய தமிழில் பொருளே வேறு. நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த உதவி. குறளில் அந்த அதிகாரத்தின் பெயர் "செய்ந்நன்றியறிதல்". செய்த நன்மையை அறிவது. அங்கே "அறிதல்" என்றுதான் இருக்கிறது, "சொல்லுதல்" என்று இல்லை. முப்பது வருடம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கே விளங்கியது மூட்டு அறுவைக்குப் பிறகுதான்.

அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி வாக்கரில் நிற்க வைத்துவிட்டார்கள். வலி உயிர் போனது. வீட்டுக்கு வந்த பின் காலை மடக்க வேண்டும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. மடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். என் தங்கை என் குதிகாலுக்கு அடியில் ஒரு பாலித்தீன் பையைப் போட்டு, கட்டிலில் வழுக்கி வழுக்கி மடக்க வைப்பாள். நான் அழுவேன், திட்டுவேன். "திட்டுக்கா, ஆனா இன்னும் பத்து தடவை" என்பாள். தொண்ணூறு பாகை மடங்கிய அன்று நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நன்றி என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. தேவைப்படவும் இல்லை. அவள் செய்தது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

---

மாம்பழநகர் (சேலம்) | பிப்ரவரி 2, பகல் 2.30

டீச்சரம்மா மன்னிக்கணும், நான் ஒத்துக்கமாட்டேன். தெரியும்னு ஒருத்தர் மனசுக்குள்ள வச்சிருந்தா, அது அடுத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் உங்க தங்கச்சியும் அக்கா தங்கச்சி. நான் மருமகள்.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆகுது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போச்சு. முதல் ஆறு மாசம் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுல இருந்து ஊட்டி விடுறது வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும், இல்லன்னா படுக்கைப் புண் வந்துடும். ராத்திரி 12, 2, 4ன்னு அலாரம். பார்க்க வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் என் வீட்டுக்காரரைத் தட்டிக்கொடுத்து "உன்னை மாதிரி ஒரு பிள்ளை வேணும்"னு சொல்லிட்டு, என் கையில காபி வாங்கிக் குடிச்சிட்டுப் போவாங்க. எனக்குள்ள எரியும். அப்போ யாராவது ஒருத்தர், "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கும்மா, நான் பார்த்துக்கறேன்"னு சொல்லியிருந்தா காலத்துக்கும் மறந்திருக்க மாட்டேன்.

இப்போ மாமா எவ்வளவோ தேறிட்டார். குச்சி பிடிச்சு நடக்கிறார். பேச்சு மட்டும் இன்னும் சரியா வரல. ஆனா ஒண்ணு சொல்றேன். காலையில சட்டை போடும்போது இடது கையால அவரே பட்டன் போடுவார். ஒரு சட்டைக்கு அரை மணி நேரம் ஆகும். நான் போட்டா ஒரு நிமிஷம். கிட்ட போனா கையைத் தள்ளி விட்டுட்டுத் தலையை ஆட்டுவார். கடைசிப் பட்டனைப் போட்டு முடிச்சிட்டு அடுக்களைப் பக்கம் வந்து நின்னு என்னையே பார்ப்பார். எனக்கு ஒரு வேலையைக் குறைச்சிட்டாராம். நான் அதை நன்றின்னுதான் எடுத்துக்கறேன்.

கும்பகோணம் ஐயா, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்களுக்காக அம்மா எதையெல்லாம் விட்டாங்கன்னு பாருங்க. அவங்களைக் கேட்டா சொல்லமாட்டாங்க. நீங்களே பார்க்கணும்.

---

பிசியோ_வைகை (மதுரை) | பிப்ரவரி 2, இரவு 9.50

சேலம் சகோதரி எழுதினதைப் படிச்சிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன். அந்தப் பட்டன்தான் உங்க மாமாவுக்குச் சரியான பயிற்சியும்கூட. அவசரப்பட்டு உதவி பண்ணாம விட்டீங்க பாருங்க, அது பெரிய விஷயம்.

பெரியவர் மகாமகக்கரைக்கு: பைபாஸ்ல நெஞ்செலும்பை நடுவுல பிளந்து, முடிச்சதும் ஸ்டீல் கம்பியால தைச்சிருப்பாங்க. எலும்பு கூடுறதுக்கு எட்டு வாரத்துல இருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் கையை ஊன்றி எழக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, இருமல் வந்தா தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கணும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது என் வேலை. ஆனா ராத்திரி இருமல் வரும்போது அந்தத் தலையணையை எடுத்துக் கையில கொடுக்கிறது நான் இல்ல.

மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து இருக்கிற பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருப்பாங்களே, அதுல ஒரு சின்னக் குறிப்பு, புதுசா ஆபரேஷன் ஆனவங்களுக்காக. அதை ஊதக்கூடாது, உள்ள இழுக்கணும். பாதிப் பேர் ஊதிக்கிட்டிருப்பாங்க.

இன்னொண்ணு, ஆபரேஷன் ஆகி ரெண்டு மூணு வாரத்துல காரணமே இல்லாம அழுகை வரும், எரிச்சல் வரும். ரொம்பப் பேருக்கு வர்றதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு இருந்துச்சா? டிரைவர் அண்ணன் கதையையும் எழுதுங்க.

---

மகாமகக்கரை (கும்பகோணம்) | பிப்ரவரி 3, காலை 8.05

தம்பி, இருந்துச்சு. மூணாவது வாரம். தொலைக்காட்சியில ஏதோ விளம்பரம், ஒரு குழந்தை அப்பாவுக்குச் செருப்பு எடுத்துக் கொடுக்குது, அதுக்குப் போய் விக்கி விக்கி அழுதேன். எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயம். யார்கிட்டயும் சொல்லல. டிரைவர் கண்டுபிடிச்சிட்டார்.

நாங்க ரெண்டு பேரும் கும்பகோணம் – மன்னார்குடி வண்டியில ஒன்பது வருஷம் ஒண்ணா ஓடினவங்க. அவர் எனக்கு ரெண்டு வயசு மூத்தவர். இன்னிக்கும் அவர் எனக்கு "டிரைவர்", நான் அவருக்கு "கண்டக்டர்". பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டதே இல்ல. நான் வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், தாராசுரத்துல இருந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கிட்டு விடியக்காலை அஞ்சரைக்கு வாசல்ல நின்னார். "கண்டக்டரே, வண்டி எடுக்கணும், இறங்கி வாரும்."

முதல்ல வாசல் வரைக்கும். அப்புறம் தெருக்கோடி. அஞ்சாவது வாரம் மகாமகக் குளம். குளத்தைச் சுத்தி 16 மண்டபம் இருக்கு, ஊர்க்காரங்களுக்குத் தெரியும். டிரைவர் அதையே ஸ்டாப்பிங் ஆக்கிட்டார். முதல் நாள் ஒரு மண்டபம், திரும்பி வந்துட்டோம். ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு. எனக்கு மூச்சு வாங்கினா நிப்பார். "சரி, கிளம்பலாம்"னு அவரா ஒரு நாளும் சொன்னதில்ல. நான் "ரைட்"டுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுத்து வைக்க மாட்டார். பஸ்ஸுலயும் அப்படித்தான். ரெண்டு விசில் கேக்காம கியரைத் தொடமாட்டார். அந்த மரியாதையை எனக்கு அங்க குளத்தங்கரையில கொடுத்தார். ஒரு நோயாளியை இழுத்துக்கிட்டுப் போற மாதிரி ஒரு நாளும் எனக்குத் தோணினதில்ல.

16 மண்டபம் முழுசாச் சுத்த எனக்கு மூணு மாசம் ஆச்சு. அன்னிக்கு ரெண்டு பேரும் படிக்கட்டுல உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம்தான் கவனிச்சேன், அவர் முட்டியைத் தேய்ச்சு விட்டுக்கிட்டிருந்தார். அவருக்கு ரெண்டு வருஷமா முட்டி வலியாம். என்கிட்ட சொன்னதே இல்ல.

---

பிசியோ_வைகை (மதுரை) | பிப்ரவரி 3, இரவு 10.20

நடக்கச் சொல்றப்போ நாங்க ஒரு அளவு சொல்லுவோம். நடந்துக்கிட்டே பேச முடியணும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா வேகம் அதிகம், நிறுத்திடணும். தனியா நடக்கிறவங்களுக்கு அது தெரியாமப் போகும். பக்கத்துல ஒரு சிநேகிதர் பேசிக்கிட்டே வந்தா அவர்தான் மீட்டர். உங்க டிரைவர் தெரிஞ்சு செஞ்சாரோ தெரியாம செஞ்சாரோ, கச்சிதமா செஞ்சிருக்கார். அவரோட முட்டியையும் ஒருத்தர்கிட்ட காட்டச் சொல்லுங்க ஐயா.

---

வடலிநிழல் (யாழ்ப்பாணம்) | பிப்ரவரி 5, காலை 6.55

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எழுபத்துநாலு வயசு. மனுசி போய் ஆறு வருசம். பிள்ளையள் ரண்டு பேரும் வெளிநாட்டிலை. போன வருசம் எனக்கு ரண்டு கண்ணுக்கும் கண்புரை சத்திரசிகிச்சை செய்தது. போதனா வைத்தியசாலையிலை தான், ஒரு சதம் காசில்லை.

அதுக்கு முதல் மூண்டு வருசமா எனக்குப் பேப்பர் வாசிக்கேலாது. பக்கத்து வளவிலை இருக்கிற என்ரை சிநேகிதர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து உதயன் பேப்பரை முதல் பக்கத்திலை இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிச்சுக் காட்டுவார். சத்தமா வாசிக்கிற பழக்கம் இல்லாத மனுசன். முதல் கிழமை தடக்கித் தடக்கி வாசிச்சவர், பேந்து வானொலிக்காரர் மாதிரி வந்திட்டார்.

கண் கட்டு அவிட்ட அண்டைக்கு முதல் கண்டது எங்கடை கேற்றின்ரை நீலம். அது பச்சை எண்டு தான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். கண்ணிலை இருக்கிற வில்லை பழுத்து மஞ்சளாப் போனா நீலம் சரியாத் தெரியாதாம், டொக்டர் விளங்கப்படுத்தினவர். சிநேகிதரின்ரை முகத்தைப் பார்த்தன். நல்லா வயசு போட்டுது அவருக்கு. மூண்டு வருசமா அவரின்ரை குரலைக் கேட்டுக்கொண்டு இருந்தனான், முகம் இப்பிடி மாறினது தெரியேல்லை.

இப்ப எனக்கு வாசிக்கேலும். ஆனா பின்னேரம் அவர் வருவார், நான் பேப்பரைத் தூக்கி அவரிட்டை குடுக்கிறனான். அவர் வாசிப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேப்பன். நன்றி எண்டு சொல்லேல்லை.

---

பிசியோ_வைகை (மதுரை) | பிப்ரவரி 5, மதியம் 1.10

யாழ்ப்பாணத்து ஐயா, கண் பத்திப் பேசும்போது எங்க ஊர்க்காரரைச் சொல்லாம இருக்க முடியல. டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயசுலயே முடக்குவாதம் வந்து கைவிரல் எல்லாம் கோணிப்போச்சு. அந்த விரல்களோடயே கண் ஆபரேஷன் பண்ணப் பழகினவர். 58 வயசுல அரசு வேலையில இருந்து ஓய்வு. 1976ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவரோட தங்கை, தங்கை வீட்டுக்காரர், கூடப்பிறந்தவங்கன்னு குடும்பமே கூட நின்னுச்சு. எங்க பாட்டிக்கு அங்கதான் கண் வந்தது. ஓய்வுக்கு அப்புறம் வாழ்க்கை முடிஞ்சதுன்னு யாராவது சொன்னா நான் இவரைத்தான் சொல்லுவேன்.

---

தூரதேசம் (தோஹா) | பிப்ரவரி 6, இரவு 11.40

இதைப் படிச்சிட்டு ரெண்டு நாளா எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். நான் இந்தக் கதைகள்ல எல்லாம் வராத ஆள். "பிள்ளைகள் வெளிநாட்டுல"ன்னு ஒரு வரியில முடிச்சிடுறீங்களே, அந்தப் பிள்ளை.

அப்பா போன ஆனி மாசம் குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. எனக்கு லீவு கிடைச்சது பத்து நாள். பணம் அனுப்பினேன், தினமும் வீடியோவுல பேசினேன். ஆனா தூக்கி உட்கார வச்சது எதிர் வீட்டு ஆட்டோ அண்ணன். நாலு மாசம், டாக்டர்கிட்ட காட்டப் போற ஒவ்வொரு தடவையும் அவரே அப்பாவைத் தூக்கி ஆட்டோவுல வச்சு, இறக்கி, வரிசையில உட்கார்ந்து, கூட்டிட்டு வந்திருக்கார். அப்பா இப்போ கடைத்தெரு வரைக்கும் தனியா நடக்கிறார். வாடகைன்னு பணம் கொடுத்தா அந்த அண்ணன் வாங்க மாட்டேங்கிறார். டீசல் காசு மட்டும்தான் வாங்குறார். அடுத்த மாசம் ஊருக்கு வரேன். அவருக்கு என்ன செய்யணும்னு பெரியவங்க சொல்லுங்க.

---

மகாமகக்கரை (கும்பகோணம்) | பிப்ரவரி 7, காலை 7.30

தம்பி, முதல்ல ஒண்ணு. நீங்க வராத ஆள் இல்ல. நீங்க அனுப்பின பணத்துலதான் அந்தக் காலுக்கு வைத்தியம் நடந்திருக்கு. அதைக் குறைச்சு நினைக்காதீங்க.

அந்த அண்ணனுக்குப் பணம் வேண்டாம். பணத்தைக் கொடுத்தா கணக்குத் தீர்ந்த மாதிரி ஆயிடும்னு அவர் பயப்படுறார்னு நினைக்கிறேன். அவர் வீட்டுக்குப் போங்க. தரையில உட்கார்ந்து அவங்க போடுற சாப்பாட்டைச் சாப்பிடுங்க. அவர் பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு கேளுங்க, ஏதாவது வழி காட்ட முடியுமான்னு பாருங்க. உங்க அப்பாவையும் கூடக் கூட்டிட்டுப் போங்க. எதிர் வீடுதானே, அவர் தன் காலாலயே நடந்து வரட்டும். அந்த அண்ணன் அதைப் பார்க்கணும்.

---

கரிசல்மண் (கோவில்பட்டி) | பிப்ரவரி 8, மாலை 5.20

தேறி வந்தவுக பேசுற எடத்துல நான் எழுதலாமான்னு தெரியல. ஆனாலும் எழுதுதேன்.

எனக்கு 64. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இதே நெஞ்சுவலிதான். ஆசுபத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு. மூணு வருசம் ஆச்சு. இங்க ரெண்டு மூணு பேரு "சாமி காப்பாத்துச்சு"ன்னு பேசுவீக, நானும் சந்தோசப்படுதேன். ஆனா அதைக் கேக்கும்போதெல்லாம், நானுந்தான் அந்தச் சாமியைக் கும்பிட்டேன்னு நெனப்பு வரும். வருத்தமாச் சொல்லல. மனசுல உள்ளதைச் சொல்லுதேன்.

என்னைக் காப்பாத்துனது எங்க குழுப் பொம்பளைக. நாங்க பன்னெண்டு பேரு மகளிர் குழுவுல இருக்கோம். அவுக போனபெறகு ஒரு மாசம், ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒருத்தி முறை வச்சு எங்க வீட்டுல வந்து படுத்துக்கிட்டாளுக. ஒண்ணும் பேசமாட்டாளுக. பாயை விரிச்சுப் படுப்பாளுக, அம்புட்டுத்தான். நான் ராத்திரி எந்திரிச்சு உக்காந்தா அவளும் எந்திரிச்சு உக்காருவா.

எனக்குச் சக்கரையும் பிரசரும் இருந்தது அப்பந்தான் தெரிஞ்சது. நான் ஆசுபத்திரிப் பக்கமே போகமாட்டேன்னு இருந்தேன், அந்த வாடையே ஆகல. மக்களைத் தேடி மருத்துவம்னு கவர்மெண்டுல 2021ல ஆரம்பிச்சாகள்ல, அதுல வேலை பாக்குற பிள்ள வீட்டுக்கே வந்து பிரசர் பாத்து, மாத்திரையைக் கையில குடுத்துட்டுப் போகும். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பாக்கும். மிச்சம் இருந்துச்சுன்னா, "யம்மா, எனக்காகப் போடு"ன்னு சொல்லும். இப்ப ரெண்டும் கட்டுக்குள்ள இருக்கு. விடியக்காலையில நாங்க நாலு பேரு ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் நடந்துட்டு வாரோம்.

---

மகாமகக்கரை (கும்பகோணம்) | பிப்ரவரி 8, இரவு 8.15

அம்மா, நீங்க எழுதினது என்னைத் தொட்டுடுச்சு. நீங்க எழுதக்கூடாத இடம்னு எதுவும் இல்ல. நான் எழுதும்போது சாமிக்கு அர்ச்சனை பண்ணினேன்னு போட்டேன், அதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தோணுது. அன்னிக்கு அந்த ஆட்டோ ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருந்தா என் வீட்டுல அவ உங்க இடத்துல இருந்திருப்பா. அதை நினைச்சாலே கை நடுங்குது.

---

மகாமகக்கரை (கும்பகோணம்) | பிப்ரவரி 11, காலை 7.10

சேலத்துப் பொண்ணு சொன்னதை மூணு நாளா யோசிச்சு, நேத்து செஞ்சு பார்த்தேன்.

எங்க வீட்டுல அவ எனக்குப் பரிமாறிட்டு, நான் எழுந்த பிறகுதான் சாப்பிட உட்காருவா. 43 வருஷமா அப்படித்தான். அவ சாப்பிடுறதை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்ல, இப்போ எழுதும்போது வெட்கமா இருக்கு. நேத்து சாப்பிட்டு முடிச்சும் எழுந்திரிக்காம உட்கார்ந்தே இருந்தேன். "என்னங்க, இன்னும் வேணுமா?"ன்னா. "இல்ல, நீ சாப்பிடு"ன்னேன்.

எனக்கு உப்பை ரொம்பக் குறைக்கச் சொல்லிட்டாங்க. ஒரு நாள் பூரா எல்லாத்துலயும் சேர்த்து அஞ்சு கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம் எதுவும் கூடாது. அவளுக்குத் தனியா உப்புப் போட்டுச் சமைச்சுக்குவான்னு நான் பாட்டுக்கு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி ஒண்ணும் இல்ல. அதே குழம்பு, அதே பொரியல். தயிர் சாதத்துக்கு அவளுக்கு நார்த்தங்காய் இல்லாம இறங்காது. கல்யாணம் ஆகி வரும்போது அவ அம்மா ஒரு ஜாடி நிறையக் கொடுத்து அனுப்பினாங்க. நேத்து வெறும் தயிர் சாதத்தை, வதக்கின கத்திரிக்காயை வச்சுச் சாப்பிட்டா.

"நார்த்தங்காய் எங்கம்மா?"ன்னு கேட்டேன். "வீட்டுல இருந்தா உங்களுக்குக் கை நீளும், அதான் போடறதில்ல"ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டா. ஸ்டூல் போட்டுப் பரணைப் பார்த்தேன். ஜாடியைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கா. உள்ள ஒட்டடை.

14 மாசம். இதுல ஒரு நாள்கூட உப்பில்லன்னு அவ வாயில இருந்து வந்ததில்ல. நான்தான் தினம் முகத்தைச் சுளிச்சிருக்கேன்.

நார்த்தங்காய் எப்படிப் போடுறதுன்னு யாருக்காவது தெரியுமா? நானே போடணும்.

---

மாம்பழநகர் (சேலம்) | பிப்ரவரி 11, காலை 11.00

ஐயா, அழ வச்சிட்டீங்க. போடுங்க. நீங்களே போடுங்க.

---

கரிசல்மண் (கோவில்பட்டி) | பிப்ரவரி 11, மதியம் 3.45

நான் சொல்லுதேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இதுதான் பிடிக்கும், வருசா வருசம் போடுவேன்.

பத்து நார்த்தங்காய் எடுத்துக்கோங்க, நல்லாக் கழுவித் துடைச்சு ஈரமில்லாம வைங்க. ஒவ்வொண்ணையும் அத்துப்போகாம சுருளாட்டம் அரியணும், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நாடாவா. விதை வந்துச்சுன்னா எடுத்துருங்க. அந்தச் சுருளுக்குள்ள கல் உப்பை அடைச்சு ஜாடியில அடுக்கி, மேல வெள்ளைத் துணி போட்டுக் கட்டிருங்க. தெனமும் காலையில ஒரு தடவை குலுக்கணும். ஒரு வாரத்துல தோல் இளகி தண்ணி விட்டுரும். பெறகு சுருளை மட்டும் எடுத்து மாடியில வெயில்ல காய வைங்க. பொழுது சாஞ்சதும் திரும்ப அந்தத் தண்ணிக்குள்ளயே போட்டுருங்க. தண்ணி பூராவும் காய்க்குள்ள இறங்குத வரைக்கும் இப்பிடியே. கடைசியில நல்லா உலர்ந்து வெள்ளையா உப்புப் பூத்து நிக்கும். ஈரக்கை மட்டும் படக்கூடாது.

நீங்க வாயில வைக்காதீக. சொல்லிட்டேன்.

---

கல்தூண் (திண்டுக்கல்) | பிப்ரவரி 12, காலை 10.05

சேலம் மகளுக்கு ஒரு வார்த்தை. நீ சொன்னதை நானும் செய்து பார்த்தேன். தங்கைக்குப் போன் செய்து, "அந்த நாலு மாதம் உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். கேட்டதே இல்லை இதுவரை. முக்கால் மணி நேரம் பேசினாள். அப்போது அவள் மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்ததாம். பக்கத்தில் இருக்க முடியாமல் ராத்திரியில் மொட்டைமாடிக்குப் போய் அழுதிருக்கிறாள். எனக்குத் தெரியும் என்று எழுதினேன் அல்லவா, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

---

மகாமகக்கரை (கும்பகோணம்) | பிப்ரவரி 16, காலை 8.00

உப்பு அடைச்சு அஞ்சு நாள் ஆகுது. முதல் ரெண்டு காய் அத்துப்போச்சு, மூணாவதுல இருந்து கை பழகிடுச்சு. டிக்கெட் கிழிச்ச கைதானே. அவகிட்ட மறைக்க முடியல, வாசனை காட்டிக் கொடுத்துடுச்சு. "என்ன பண்றீங்க?"ன்னா. "குலுக்கறேன்"னேன். ஒண்ணும் பேசாம துணியை இறுக்கிக் கட்டிட்டுப் போனா.

மகன்கிட்ட கேட்டு ரத்தம் கொடுத்த பிள்ளைங்க நம்பரை வாங்கினேன். ஆறு பேருக்கும் போன் பண்ணினேன். அஞ்சு பேர் பேசினாங்க. ஒருத்தர் இப்போ வெளியூர்ல வேலை, நம்பர் மாறிடுச்சாம். ஒரு பையன், "ஐயா, நான் அன்னிக்குத்தான் முதல்தடவை ரத்தம் கொடுத்தேன், அதுக்கப்புறம் மூணு தடவை கொடுத்துட்டேன்"னு சொன்னான். மகள் வீட்டுக்கு இந்த மாசம் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரப்போறேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூட்டிட்டு வர்றது என் வேலை. டிரைவர் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு. தேய்மானம்தான், பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்காங்க. இப்போ நடந்து முடிச்சதும் குளத்துப் படியில அவரை உட்கார வச்சு, காலை நீட்டி மடக்க வைக்கிறேன். நான் எண்ணுவேன், அவர் மடக்குவார்.

---

தூரதேசம் (தோஹா) | மார்ச் 5, இரவு 10.30

ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு. நேத்து அப்பாவும் நானும் ஆட்டோ அண்ணன் வீட்டுல சாப்பிட்டோம். அப்பா ரோட்டைக் கடந்து, அவங்க வீட்டு ரெண்டு படியையும் யாரையும் பிடிக்காம ஏறினார். அண்ணன் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னு பார்த்தார். பிடிக்கப் போகவே இல்ல. அவர் பொண்ணு நர்சிங் படிக்கணும்னு ஆசைப்படுது. அதுக்கு என்ன செய்யணுமோ விசாரிச்சிட்டிருக்கேன்.

---

மகாமகக்கரை (கும்பகோணம்) | மார்ச் 9, மதியம் 2.20

கோவில்பட்டி அம்மா, காய் நல்லா உலர்ந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எனக்குப் பரிமாற வேண்டாம், ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம்னு சொன்னேன். உட்கார்ந்தா. தயிர் சாதம் போட்டதும் ஜாடியைத் திறந்து ஒரு சுருளை எடுத்து அவ தட்டு ஓரத்துல வச்சேன்.

ரொம்ப நேரம் அதைப் பார்த்தா. ஒரு விள்ளல் பிய்ச்சு வாயில போட்டா. நான் அவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். கண்ணை மூடினா. அப்புறம் டக்குனு தண்ணிச் சொம்பை எடுத்தா.

"என்னம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தாங்க இருக்கு. எங்க அம்மா போட்ட மாதிரியே இருக்கு. உப்புத்தான் தாங்கல. நாக்கு மாறிப்போச்சு எனக்கும்."

அந்தச் சுருளைச் சொம்புத் தண்ணியில ரெண்டு தடவை அலசினா. ஓரமா ஒரு துளி கிள்ளி, சாதத்தோட வச்சுச் சாப்பிட்டா. மிச்சத்தைத் திரும்ப ஜாடியில போடாம, ஒரு சின்னக் கிண்ணத்துல வச்சு மூடி அவ பக்கத்துலயே வச்சுக்கிட்டா.